ஒரு பக்கத்துக்கு ஒரு முள்

நெடுங்கண்மாயில் சீமைக்கருவேல முட்கள் பேசத் தொடங்கிய வருசம் மழை தவறவில்லை, வானத்தில் எதுவும் தோன்றவில்லை, யார் மேலும் சாமி வந்து இறங்கிக் குறி சொல்லவில்லை. பட்டணத்திலிருந்து வரவேண்டிய கிராமபோன் ஊசி டப்பாக்கள் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த டப்பாக்களுக்காகக் காத்திருந்தவள் பூமயில். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே அவளும் அவள் புருசன் சேதுராசுவும் கிராமபோன் சாமான் கடை வைத்திருந்தார்கள். சேதுராசு சைக்கிளில் சுற்றுவட்டாரத்துப் பெரிய வீடுகளுக்கெல்லாம் போய், ஓட்டம் நின்று பரணில் கிடக்கும் பெட்டிகளை விலைபேசிக் கட்டிக்கொண்டு வருவான். பூமயில் அவற்றின் வயிற்றைத் திறந்து ஸ்பிரிங் தனியாக, சாவி தனியாக, ஊசி மாட்டும் பாட்டு வட்டுக்குள் இருக்கும் மைக்காத் தகடு தனியாக என்று கழற்றி, துடைத்து, எண்ணெயிட்டு, எவன் பெட்டியில் எது இல்லையோ அதை அவனுக்கு விற்பாள். ஒரு பெட்டியைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தே உள்ளே எது உடைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். சொன்னது தப்பியதில்லை, அந்தத் திமிர் அவளுக்கு உண்டு.

வருகிறவர்களிடம் அவள் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வாள்: ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி. இசைத்தட்டின் ஒரு பக்கம் பாடி முடித்தால் ஊசி முனை தேய்ந்துபோகும், அதையே மறுபடி வைத்தால் தட்டை உழுதுவிடும், எடுத்துப் போட்டுவிட்டு வேறு ஊசி மாட்டு என்பாள். கேட்கிறவன் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் அதே ஊசியைப் பொங்கலுக்குப் பொங்கல் வைத்துத் தேய்த்துவிட்டு, பாட்டு கரகரக்கிறது என்று தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பான். அவனுக்குக் கிடைக்கும் திட்டை பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாரும் ரசித்துக் கேட்பார்கள்.

ஊசி வராமல் போனதும் பூமயில் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. கடைக்குப் பின்னால் காடாக மண்டிக் கிடந்த சீமைக்கருவேலத்தில் நல்ல முற்றிய முட்களாகப் பார்த்து ஒடித்து வந்து, விளக்கெண்ணெயில் ஊறவைத்து, நிழலில் காயவைத்து, அளவாக நறுக்கி, முனையை உப்புத்தாளில் தேய்த்து எடுத்தாள். முதல் முள்ளை மாட்டி, சோதனைக்கென்றே கடையில் கிடந்த ஆர்மோனியத் தட்டின் மேல், லேபிள் தேய்ந்து யார் வாசித்ததென்றே தெரியாமல் போன அந்தத் தட்டின் மேல் வைத்தபோது, ஆர்மோனியம் வரவில்லை. ஒரு ஆடு சினையா இல்லையா என்று இரண்டு பேர் சண்டை போடும் சத்தம் வந்தது.

பூமயில் மைக்காத் தகட்டில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை.

சேதுராசு காதைக் கொண்டுபோய்க் குழாய்க்குள் வைத்துக் கேட்டான். "தெக்குத்தெரு ஒச்சாண்டி குரலுல்ல? போன வாரம் நம்ம கடைக்குப் பின்னால நின்னுதான கத்திக்கிட்டுக் கெடந்தான்? தகட்டுல ஒரு குத்தமும் இல்ல மயிலு. முள்ளு, தான் கேட்டதைச் சொல்லுது."

"அப்ப ஆடு சினைதானா?" என்றாள் பூமயில்.

மறுபடி அதே முள்ளை வைத்தார்கள். வெறும் ஆர்மோனியம்தான் வந்தது. முனையைச் சீவி வைத்தாலும் ஆர்மோனியம்தான். முள் தான் கேட்டதை ஒரு தடவைதான் சொல்லும், அதுவும் ஒரு பக்கம் ஓடுகிற நேரத்துக்குள் எவ்வளவு அடங்குமோ அவ்வளவுதான் சொல்லும், அப்புறம் அது மற்ற முள்ளைப்போல வெறும் முள். பூமயிலுக்கு இதில் மிகவும் திருப்தி. தான் இத்தனை வருசமாகச் சொல்லிவந்ததை ஒருவழியாக ஒரு மரம் ஒத்துக்கொண்டது என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாள்.

ஊர் இதைக் கேட்டு ஒரு வாரம் வாயடைத்துப் போயிருந்தது. ஆச்சரியத்தில் அல்ல; யார் எந்த மரத்தடியில் என்ன பேசித் தொலைத்தோம் என்று அவரவர் யோசித்துக்கொண்டிருந்ததில். மருமகளைப் பற்றிப் பேச நினைத்த மாமியார்கள் வேம்புக்கு மாறினார்கள், மாமியாரைப் பற்றிப் பேச நினைத்த மருமகள்கள் புளிக்கு மாறினார்கள், ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் முள்மரம் இல்லாத இடமாக விசாரித்து மேடை போட்டார்கள், அப்படி ஓர் இடம் நெடுங்கண்மாயில் இல்லாததால் அந்தத் தேர்தலில் யாரும் எதற்கும் வாக்குக் கொடுக்காமலே கும்பிட்டுவிட்டுப் போனார்கள். டேப் ரெக்கார்டர் வைத்திருந்த ஒரு கெட்டிக்காரர் முள் பேசுவதைப் பிடித்து வைத்துக்கொள்ளலாமென்று பார்த்தார். நாடாவில் விழுந்தது ஆர்மோனியம் மட்டும்தான்.

பயம் தெளிந்ததும் ஊருக்கு அதன் உபயோகம் புரிந்தது. நிச்சயம் பேசுகிறவர்கள் முள்மரத்தடியில் போய்ப் பேசினார்கள், பாகம் பிரிக்கிறவர்கள் அங்கே போய்ப் பிரித்தார்கள், ஒருவன் ஒரு வாக்குச் சொன்னால் அவன் வாய்க்கு எதிரே இருக்கும் முள்ளை உடனே ஒடித்து, கேட்டவன் தன் வீட்டுச் சாமிமாடத்தில் வைத்துக்கொண்டான். பஞ்சாயத்தே ஆலமரத்தை விட்டுவிட்டு முள்ளுக்கு வந்துசேர்ந்தது. சீமைக்கருவேலம் நிழல் என்று சொல்லிக்கொள்ளும்படி எதையும் தருவதில்லை என்பதால் பெரியவர்கள் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்து நியாயம் பேசினார்கள். மனிதன் வாய்ச் சொல்லை யாரும் சாட்சியாக எடுத்துக்கொள்ளாமல் போனார்கள். பார்த்தேன், கேட்டேன் என்று எவனாவது எழுந்தால், முள் இருக்கிறதா என்பார்கள், இல்லையென்றால் உட்காரச் சொல்வார்கள்.

முள்ளை யார் வைத்திருந்தாலும் அதைப் போட்டுக் காட்டுவது பூமயில்தான். அதற்கென்று ஒரு முறையும் உண்டாகிவிட்டது. பெட்டிக்கு முழுச்சாவி கொடுத்துவிட்டு, முள்ளை மாட்டும் முன் அவள் உடையவனைப் பார்த்து, "போட்டாப் போச்சு, தெரியுமுல்ல?" என்று கேட்பாள். அவன், "போகட்டும், போடு" என்று சொல்லவேண்டும். அதைச் சொல்ல நா எழாமல், முள்ளைத் திரும்ப வாங்கி முடிந்துகொண்டு போனவர்கள்தான் அதிகம்.

இப்படி ஊர் முள்ளோடு குடித்தனம் பண்ணப் பழகியிருந்த ஒரு காலத்தில்தான் சேதுராசு பினாங்குக்குப் போகிறேன் என்றான். அங்கே கட்டட வேலை இருக்கிறது, ஒரு ஆள் கூப்பிடுகிறான், போய்விட்டு வந்தால் கடையைக் கல்கட்டடமாக எடுக்கலாம் என்றான். பூமயிலுக்குக் கடை ஓலைக்கொட்டகையாக இருப்பதில் ஒரு குறையும் தெரியவில்லை. கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் கண்மாய்க்கரை மரத்தடிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய் அவன் பேச வாயெடுத்ததும், அவள் இரண்டு கையாலும் காதை இறுகப் பொத்திக்கொண்டு தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். அவன் வாய் அசைவது ஓரக்கண்ணில் தெரிந்தது. கொஞ்சம் பேசினான், சும்மா இருந்தான், மறுபடி பேசினான். பிறகு எழுந்து முள்ளை ஒடித்து அவள் மடியில் போட்டான். அவள் கையை எடுத்ததும், "கோவம் தணிஞ்சப்பறம் போட்டுக் கேளு" என்றான்.

கோபம் தணியச் சில மாதம் பிடித்தது. தணிந்தது, போட்டுக் கேட்கலாம் என்று அவள் நினைத்திருந்த வாரத்தில், பினாங்கில் கட்டடச் சாரம் சரிந்து சேதுராசு போய்விட்டான் என்று செய்தி வந்தது.

அதற்கப்புறம் அந்த முள்ளைப் போட அவளால் முடியவில்லை. ஒரு பழைய ஊசி டப்பாவில் அது இருந்தது. டப்பாவை ஆட்டினால் முள் உருளும் சத்தம் கேட்கும். காலையில் கடை திறக்கும்போது ஒரு தடவை ஆட்டுவாள், சாத்தும்போது ஒரு தடவை ஆட்டுவாள். புருசன் சத்தமென்று அவளிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். ஊரில் இத்தனை பேருடைய முள்ளைப் போட்டுக் காட்டியவள் தன் முள்ளைத் தொடாததை யாரும் கேலி செய்யவில்லை. நெடுங்கண்மாய்க்காரர்களுக்கு அது நன்றாகவே புரியும்.

வருசங்கள் போயின. ஒரு தை மாதம் சொக்கலிங்கம் தன் வயலுக்குள் ஓடும் வாய்க்காலை மண்போட்டு மூடினார். ஊரில் பெரிய நிலக்காரர் அவர். இறால் குட்டை வெட்டப் போகிறாராம், குட்டைக்கு நடுவில் வாய்க்கால் இடைஞ்சலாம். அந்த வாய்க்காலை நம்பித்தான் கடைமடையில் பாதி ஊர் நெல் போட்டிருந்தது. பயிர் பொதிகட்டி நிற்கிறது, இன்னும் ஒரு தண்ணீர் பாய்ந்தால் வீடு வந்து சேரும், பாயாவிட்டால் வைக்கோலாகக்கூட ஆகாது.

"மறிக்க மாட்டேன்னு வாக்குக் குடுத்தீகளேய்யா" என்று போய் நின்றார்கள்.

"நானா? முள்ளு எங்க?" என்றார் சொக்கலிங்கம்.

அங்கேதான் இடித்தது. முள்ளை வைத்திருந்தவள் கடைமடை மூக்கம்மா. அவள் புருசன், தங்கள் மகளின் காதுகுத்தில், வந்த சொந்தபந்தத்துக்கெல்லாம் கறிச்சோறு போட்டது போதாதென்று, பெரிய மனுசன் எங்களுக்கு வாக்குக் கொடுத்த அழகைக் கேளுங்கள் என்று பெருமைக்கு முள்ளைப் போட்டுக் காட்டிவிட்டான். பூமயில் கேட்க வேண்டிய முறைப்படி கேட்டும், போகட்டும் போடு என்று மீசையைத் தடவிக்கொண்டு சொன்னான். பந்தியே கைதட்டியது. அத்தோடு அது போயிற்று. கேட்டவர்கள் ஊர்முழுக்க இருந்தார்கள், ஆனால் வாய்ச் சொல் சாட்சியில் சேராது. இன்னொரு முள் ஒடிக்கலாமென்றால், வாக்குக் கொடுத்த கண்மாய்க்கரை மரமே இப்போது இல்லை. போன கோடையில் கரையைச் செப்பனிடுகிறேன் என்று சொக்கலிங்கம் தன் சொந்தச் செலவில் அதைத் தறித்துப் போட்டிருந்தார். அப்போது ஊரே அவரைப் பாராட்டியது.

மூக்கம்மா பூமயிலின் கடைக்கு வந்தாள். வந்தவள் உட்காரவில்லை.

"கேக்க வரலை மதினி. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"சொல்லு."

"அன்னைக்கு மரத்துக்கு இந்தப் பக்கம் சொக்கலிங்கம் ஐயா எங்களுக்கு வாக்குக் குடுத்தாரு. அந்தப் பக்கம் நீயும் அண்ணனும் உக்காந்திருந்தீக. நீ காதைப் பொத்திக்கிட்டு இருந்த. நான் பாத்தேன்."

பூமயிலுக்கு அவள் சொல்ல வந்தது முழுதும் அந்த நொடியே விளங்கிவிட்டது. ஒரே மரம், ஒரே நேரம். சேதுராசு ஒடித்த முள் அவன் பேச்சை மட்டுமா கேட்டிருக்கும்? அவளுக்கு மூக்கம்மாவின் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

"காதுகுத்துல ஊருக்குப் போட்டுக் காட்டுனீகளே, அப்ப எங்கடி போச்சு புத்தி? உங்க பெருமைக்கு எம் புருசனைக் குடுக்கவா? என்னால ஆகாது, போ."

"ஆகாதுன்னுதான் மதினி நானும் நெனச்சேன்" என்று மூக்கம்மா படியிறங்கினாள். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. அதுதான் பூமயிலுக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் பஸ் நிற்கும் இடத்து அடிபம்பில் மூக்கம்மா குடம் நிரப்புவதைக் கடையிலிருந்தே பார்த்தாள். குடிக்க என்று நினைத்தாள். குடம் வயலுக்குப் போயிற்று. திரும்பி வந்தது, நிரம்பியது, வயலுக்குப் போயிற்று. வயலுக்குக் குடத்தில் தண்ணீர் சுமக்கிறவளைப் பைத்தியம் என்று சொல்லலாம், பஸ்ஸுக்கு நின்றவர்கள் சொல்லவும் செய்தார்கள். பூமயில் டப்பாவைக் கையில் எடுத்தாள், ஆட்டினாள், வைத்தாள். சேதுராசு இருந்திருந்தால் என்ன செய்வான் என்று அவளுக்குத் தெரியும். மூக்கம்மா படியேறும் முன்பே டப்பாவை எடுத்து நீட்டியிருப்பான். அவன் அப்படிப்பட்டவன் என்பதுதான் அவளுக்கு அவனிடம் பிடித்ததும், கோபம் கோபமாக வந்ததும்.

அன்றைக்கு அவள் கடையில் இருந்ததிலேயே நல்ல பெட்டியை எடுத்து முன்னால் வைத்தாள். ஸ்பிரிங்கைக் கழற்றிப் புதிதாகக் கிரீஸ் வைத்தாள். ஒருவருக்கும் விற்காமல் வைத்திருந்த கீறல் விழாத மைக்காத் தகட்டை மாட்டினாள். செய்யச் செய்ய அவளுக்குப் பழைய திமிர் திரும்பியது. போடுவதென்று ஆகிவிட்டது, போடுவதைப் பூமயில் போடுவதாகப் போடவேண்டும், ஒரு சொல் கரகரக்கக் கூடாது.

பஞ்சாயத்து நல்ல வெயிலில் கூடியது. குடைகள் வரிசையாக விரிந்திருந்தன. பூமயில் பெட்டியை நடுவில் வைத்து, ஆர்மோனியத் தட்டைத் துடைத்து வைத்து, டப்பாவைத் திறந்து முள்ளை வெளியே எடுத்தபோது மூக்கம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள்.

"அழாத. எனக்குக் காது கேக்கணும்" என்றாள் பூமயில்.

இப்போது ஒரு சிக்கல். உடையவளே போடுகிறவளாக இருந்தால் கேள்வியை யார் கேட்பது? சொக்கலிங்கம் குடைக்குள்ளிருந்து தொண்டையைக் கனைத்தார். கேலிக்குத் தொடங்கினாரோ என்னவோ, கேட்டு முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது.

"போட்டாப் போச்சு பூமயிலு. தெரியுமுல்ல?"

"தெரியுங்கய்யா" என்றாள் அவள். "போகட்டும்."

தட்டு சுற்றியது. முதலில் காற்று. அப்புறம் கண்மாயில் நாரைகள். அப்புறம் அவன்.

"மயிலு. ஏ மயிலு. கையை எடு காதுலேருந்து. சின்னப்புள்ளயா நீ?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், உடனே நிறுத்தினார்கள். பூமயிலின் கை அவளைக் கேட்காமலே காதை நோக்கிப் போகப் பார்த்தது. ஆனால் பெரிய பெட்டி அது, ஓட ஓடச் சாவி கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் குரல் தாழாமல் நிற்கும். ஒரு கை சாவியில், இன்னொரு கை பெட்டி ஆடாமல் அழுத்திக்கொண்டு. காதைப் பொத்த இந்தத் தடவை அவளுக்குக் கை இல்லை.

"சரி, எடுக்காத. முள்ளு கேட்டுக்கட்டும். பெரிய ஸ்பிரிங்குக்குக் கிரீஸ் வைக்காமப் போட்டிருக்கேன், நீ வச்சுரு. தெக்கத்தி வீட்டுக்காரங்க ஊசி கேட்டு வருவாங்க, திட்டாத, பாவம். அப்பறம் மயிலு, நான் உங்கிட்டச் சொல்லணும்னு வந்தது என்னன்னா..."

அங்கே அவன் நின்றான். பின்னாலிருந்து, கொஞ்சம் தள்ளி, வேறு ஆட்கள் வந்து நிற்கும் அரவம் கேட்டது. அவன் குரல் அடங்கிக் கிசுகிசுப்பாயிற்று.

"அந்தப் பக்கம் கடைமடை ஆளுங்களுக்கு வாக்குக் குடுக்குறாங்க போல. நான் பேசுனா அவங்க முள்ளுல எம் பேச்சும் சேந்து ஏறிரும். அவங்க முடிக்கட்டும். நான் சும்மா இருக்கேன்."

அதோடு அவன் சும்மா இருந்தான். அவன் விட்ட அந்த இடத்தில், தெளிவாக, ஒரு சொல் கரகரக்காமல், சொக்கலிங்கத்தின் குரல் வந்தது. "எந்த வருசமானாலும் என் வயக்காட்டு வாய்க்காலை நான் மறிக்க மாட்டேன். எனக்கப்பறம் எம் புள்ளையும் மறிக்கக் கூடாது. இது முள்ளறியச் சொல்றது." கடைமடைக்காரர்கள் ஒவ்வொருவராக நன்றி சொன்னார்கள். அவர்கள் நன்றி சொல்லி முடிவதாக இல்லை. சொக்கலிங்கம் பெருந்தன்மையாக இன்னும் ரெண்டு வார்த்தை பேசினார். தட்டு ஓடிக்கொண்டே இருந்தது, முள் நடு லேபிளை நெருங்கிக்கொண்டே இருந்தது, பூமயில் பல்லைக் கடித்துக்கொண்டு சாவியைச் சுற்றினாள். போங்கடா, நன்றி சொன்னது போதும் போங்கடா என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது.

போனார்கள். லேபிள் ஓரத்தில் இம்மியளவு மிச்சமிருந்தது. சேதுராசு அவசர அவசரமாக வந்தான்.

"முடிஞ்சது. மயிலு, இந்த முள்ளுல இனி எடம் இருக்காது. மிச்சத்தை வந்து சொல்றேன்."

முள் நடுவில் போய் நின்று, தட்டு வெறுமனே சுற்றியது.

குடைகள் ஒன்றும் அசையவில்லை. சொக்கலிங்கம் தன் குடையை மடக்கினார். "கொரல் என்னுதுதான்" என்றார். "உம் புருசன் அன்னைக்குப் பேசிக்கிட்டே இருந்திருக்கலாம்" என்று பூமயிலிடம் சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்றவனிடம் மண்வெட்டி இருக்கிறதா என்று கேட்டார். கேட்டவர் வேறு யாரையும் வெட்டவிடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலைத் தானே திறந்தார். முள்ளில் கேட்ட வாக்கை அந்தக் குரலுக்கு உடையவன்தான் காப்பாற்றவேண்டும், அந்த ரோசம் அவருக்கும் இருந்தது. தண்ணீர் கடைமடையைத் தொட்டபோது அங்கிருந்து எழுந்த கூச்சல் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் கேட்டது.

பூமயில் கூச்சலுக்குப் போகவில்லை. தேய்ந்த முள்ளைக் கழற்றி, தேய்ந்த ஊசிகள் போடும் கிண்ணத்தில், மற்ற ஊசிகளோடு போட்டாள். மறுநாள் காலை கடையைத் திறந்ததும் பழக்கத்தில் டப்பாவை எடுத்து ஆட்டினாள். சத்தம் இல்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கடையை அப்படியே திறந்துபோட்டுவிட்டு அழுதுகொண்டே கண்மாய்க்கரைக்கு நடந்தாள்.

சீமைக்கருவேலத்தைத் தறித்தே சாகடித்துவிடலாம் என்று நினைப்பது பெரிய நிலக்காரர்கள் மட்டும்தான். மரம் நின்ற இடத்தில், வேரிலிருந்து இடுப்புயரத்துக்குப் புதுக் கிளைகள் பச்சைப் பசேலென்று கிளம்பியிருந்தன. முட்கள் இன்னும் முற்றவில்லை, தொட்டால் வளைந்தன. அவள் அன்று உட்கார்ந்த அதே பக்கம் போய், தண்ணீரைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்து உட்கார்ந்தாள். முகத்தை முந்தானையில் துடைத்தாள். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ம், சொல்லு" என்றாள். "கேக்குறேன்."